அதிகம் கேட்கப்பட்ட ஊழியர்

முதலில் மாறியது மேலாளர்களின் கழுத்து.

அது பெரிய சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை, ஓட்டல்களின் துண்டு, மேசைத் துணி எல்லாம் அங்கே அழுக்காக வந்து இறங்கும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளையில் தேய்த்து, மடித்து, சூடு ஆறுவதற்குள் லாரி ஏறிவிடும். அந்த ஆலையை வேறொரு நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்கள் இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். பழையவை, மாற்றினால் செலவு என்றார்கள். கூரை ஒழுகுவதைப் பார்த்தார்கள். அதுவும் செலவு என்றார்கள். கடைசியாக, மேலாளர்கள் தொழிலாளர்களிடம் பேசுகிற விதத்தை ஓரமாக நின்று கவனித்தார்கள். இதை மாற்றிவிடலாம், இதற்கு உதிரிபாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்று ஏகமனதாக முடிவானது.

அப்படித்தான் புதிய பொது மேலாளர் வந்து சேர்ந்தார். பஞ்சு போன்ற குரல். யார் என்ன சொன்னாலும் தலையை வலப்பக்கம் சாய்த்து, கண்களைப் பாதி மூடி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக் கேட்பார். ஒரு வாரத்துக்குள் ஆலை அவருக்குக் 'காது' என்று பெயர் வைத்துவிட்டது. மறு வாரம் உற்பத்தி மேலாளரின் தலை சாய ஆரம்பித்தது. அதற்கடுத்து கணக்கு மேலாளரின் தலை. அவருக்கு வலது தோளில் பழைய வலி இருந்ததால் இடப்பக்கம் சாய்த்தார். நடைபாதையில் இருவரும் எதிரெதிரே வந்தபோது மண்டைகள் மோதிக்கொண்டன. அன்றிலிருந்து எல்லோரும் வலப்பக்கமே சாய்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

மாடிப்படி ஏறுகிற இடத்தில் பெரிய பலகை மாட்டினார்கள். 'மாறுகிற பணியிடம், செவிசாய்க்கும் தலைமை' என்று தலைப்பு. அதன் கீழே மூன்று படிகள்: கேளுங்கள், திருப்பிச் சொல்லுங்கள், நன்றி சொல்லுங்கள். இன்னும் கீழே 'மூடிய சொற்கள்' என்று சிவப்புக் கட்டத்துக்குள் சில சொற்கள். இல்லை, முடியாது, ஏன், எப்போது ஆகியவற்றை ஆலைக்குள் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. 'எப்போது' என்பது பார்க்கச் சாதுவான சொல்தானே, அது என்ன பாவம் செய்தது என்று லாரி டிரைவர் ஒருவர் விசாரித்தார். அது எதிரில் இருப்பவரை அவசரப்படுத்துகிறது என்று, கேட்கச் சொல்லிக்கொடுக்க நிறுவனம் அனுப்பியிருந்த பயிற்சியாளர் அம்மாள் விளக்கினார். பிறகுதான் தெரிந்தது, டிரைவர் தன் லாரி எப்போது கிளம்பும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

மடிப்புப் பிரிவின் தலைவிக்கு இந்தப் பலகையைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை. பழைய மேலாளர் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அவர் போனதற்கு அவள் ஒன்றும் அழவில்லை. நல்லபடியாகப் பேசுகிறவர் ஒருவர் வந்திருக்கிறார், நம் காரியம் நடந்துவிடும் என்றுதான் நினைத்தாள்.

காரியம் சின்னதுதான். அவள் கணவர் அதே ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல். அவள் கிளம்பும்போது அவர் வருவார். அவர் கிளம்பும்போது அவள் வருவாள். இருவரும் சந்திப்பது வீட்டு மாடிப்படியில். "பொண்ணுக்குச் சளி." "மருந்து குடுத்துட்டேன்." "சிலிண்டர் வந்திருச்சு." "சரி, பார்த்துப் போ." அவர்களுடைய இல்லறத்தின் பெரும்பகுதி அந்தப் படிகளிலேயே நடந்து முடிந்திருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலேயே தையல் தைக்கும் நாத்தனார் சொல்வாள்: "அண்ணி, உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சுங்கிறதுக்கு இந்தக் குழந்தை ஒண்ணுதான் சாட்சி. இதுவும் இல்லைன்னா நானே நம்ப மாட்டேன்."

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. பகல் கொதிகலன்காரர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குக் கணவரைப் போட்டுவிட்டால் போதும். அதை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு அவர்களே ஓய்வு பெறுகிற காலம் வந்துவிடும்.

அவள் மாடியேறிக் காதின் அறைக்குப் போனாள். காது எழுந்து போய், சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து சொன்னார்: "என் கதவு எப்பவும் திறந்தேதான் இருக்கும். சொல்லுங்க."

சொன்னாள். "நான் பகல், அவர் ராத்திரி சார். அவர் முழிச்சிருக்கிறதைக் குழந்தை பார்க்கிறதே அபூர்வம். பகல் கொதிகலன் இடம் காலியாகுதே, அதுல அவரைப் போட்டீங்கன்னா புண்ணியமா போகும்."

காதின் தலை சாய்ந்தது.

"நீங்க பகல். அவர் ராத்திரி. அந்த இடத்துல அவரைப் போடணும்னு ஆசைப்படுறீங்க. நான் சரியா கேட்டேனா?"

"ஆமா சார்."

"குழந்தை அவரைப் பார்க்கிறது அபூர்வம்."

"ஆமா சார்."

"அபூர்வம்" என்று இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "இதை என்கிட்ட பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா" என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அவள் மிதந்துகொண்டு படியிறங்கி வந்தாள். கீழே கஞ்சி அக்கா காத்திருந்தாள். விரிப்புகளுக்குக் கஞ்சி போடும் பிரிவு அவளுடையது; அவள் பேச்சும் அதே விறைப்பில் இருக்கும்.

"என்னடி சொன்னாரு?"

"நான் சொன்னதையே சொன்னாருக்கா. ஒரு வார்த்தை மாறாம."

"அப்புறம்?"

"நன்றி சொன்னாரு."

"அது கிடக்கட்டும். குடுத்தாரா, மாட்டேன்னாரா?"

அவள் யோசித்தாள். படியேறியதிலிருந்து இறங்கியது வரைக்கும் நடந்ததை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தாள். "அழுதாருக்கா" என்றாள்.

"அடியே, அவர் அழுதா உன் புருஷனுக்கு ஷிப்ட் மாறுமா?"

*

அந்த வாரமே தொழிலாளர்களுக்கும் பயிற்சி ஆரம்பமானது. இரவு வேலை முடிந்து வந்தவர்களை அப்படியே மேலே அழைத்துப்போய் உட்காரவைத்தார்கள். கொதிகலன்காரர் வீடு திரும்பும்போது மத்தியானம் ஆகியிருந்தது. அன்று அவளுக்கு வார விடுமுறை.

"என்னங்க, போகும்போது தண்ணி மோட்டாரைப் போட்டுட்டுப் போகச் சொன்னேனே, போட்டீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தலை மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.

"மோட்டார் போடலையேன்னு உனக்கு மனவருத்தம் இருக்கு. நான் சரியா கேட்டேனா?"

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லை. டேங்க்ல தண்ணி இல்லை."

"டேங்க்ல தண்ணி இல்லைங்கிறது உன்னைப் பாதிக்குது."

"உங்களையும்தான் பாதிக்கும். உடம்புல சோப்பைப் போட்டுட்டுக் கூப்பிடுவீங்களே, அப்போ தெரியும்."

"பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி."

தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? கழுத்துல சுளுக்கா?"

"பயிற்சியாம்."

"இதுக்கெல்லாம் பயிற்சி வேற குடுக்கறாங்களா? எங்க அண்ணன் காதுல வாங்காம இருக்கறதுல சின்ன வயசுலேயே பேர் போனவராச்சே."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன. "சிரிக்காதீங்க. வீட்லயும் பழகணும்னு அந்தப் பயிற்சியாளர் அம்மா சொல்லிட்டாங்க. நல்லா காது குடுக்கறவங்களுக்குத்தான் பகல் வேலையில முன்னுரிமையாம்." பிறகு மனைவியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கு மட்டும் ஆசையா என்ன? உனக்காகத்தான் இந்தத் தலையைச் சாய்க்கிறேன்."

அவள் அருகில் போய், அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, தலையை நேராக நிமிர்த்தி வைத்தாள். "தாலி கட்டும்போது நேராத்தான் இருந்துச்சு. அப்படியே இருக்கட்டும்" என்றாள். "நான் போய்ப் பேசுறேன். நீங்க தூங்குங்க."

அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், வழக்கம்போல் அப்பாவைத் தாண்டிக் கால்நுனியில் நடந்து போனாள்.

*

அவள் மறுபடி போய்ப் பேசினாள். காது மறுபடி திருப்பிச் சொன்னார். மூன்றாம் முறை போனபோது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே "நீங்க பகல், அவர் ராத்திரி" என்று ஆரம்பித்துவிட்டார். தன் கதையை இன்னொருவர் இவ்வளவு உருக்கமாகச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. "இதை நாம வட்டத்துல வெச்சு எல்லாரும் சேர்ந்து கேட்டா இன்னும் ஆழமா இருக்கும்" என்றார் கடைசியில்.

வட்டம் என்பது பிரிவுத் தலைவர்களின் காலைக் கூட்டம். முன்பெல்லாம் கீழே இயந்திரங்களுக்கு நடுவில் நின்றபடி டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். இப்போது மாடிக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே கீழே ஆலை தெரியும். வட்டத்துக்கு ஒரே ஒரு விதி. பயிற்சியாளர் அம்மாள் ஆஸ்பத்திரிக் குவியலிலிருந்து ஒரு தலையணையை எடுத்து வைத்திருந்தார். அது யார் மடியில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் தலையைச் சாய்க்கலாம்.

முதல் நாள் கணக்கு மேலாளர் மடிக்குப் போன தலையணை, அவர் ஐந்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் தோற்ற கதை முடியும் வரைக்கும் அங்கேயே இருந்தது. மறுநாள் அவர் ஆறாம் வகுப்புக்குப் போனார். அவர் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வருவதற்குள் தலையணை எண்ணெயும் வியர்வையும் ஏறி, பார்க்கவே சகிக்காமல் ஆகிவிட்டது.

சலவை ஆலைக்காரர்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. அழுக்குத் துணியை எங்கே பார்த்தாலும் கை தானாக எடுத்து வண்டியில் போட்டுவிடும். சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட நாற்காலி உறையை உருவிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். கஞ்சி அக்கா ஒரு மாலை மாடிக் கூடத்தின் வழியாகப் போனாள். நாற்காலியில் ஓர் அழுக்குத் தலையணை கிடந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை வட்டம் கூடியது. தலையணையைக் காணவில்லை.

தலையணையைக் காணவில்லை என்பதைச் சொல்வதற்கும் தலையணை தேவை. எனவே யாரும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உற்பத்தி மேலாளர் வெளியே போய் வேறொரு தலையணையைக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருந்தது. பயிற்சியாளர் அம்மாள் கையை உயர்த்தித் தடுத்தார். புதுத் தலையணைக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காது கண்களை மூடினார். எல்லோரும் கண்களை மூடினார்கள்.

தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. கீழே ஆஸ்பத்திரி லாரி வந்து ஒலி எழுப்பியது. அறுவை சிகிச்சை அறைக்கான விரிப்புகளை ஏற்ற வந்த டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு மாடிக்கே வந்தார்.

"சரக்கு ரெடியா?"

இருபது தலைகள் அவரை நோக்கி அன்பாகச் சாய்ந்தன.

"அங்கே டாக்டருங்க காத்துக்கிட்டிருக்காங்க. யாராவது வாயைத் திறந்து சொல்லுங்கப்பா!"

காது எழுந்து, அவர் தோளில் கை வைத்து, ஒரு காலி நாற்காலியைக் காட்டினார். டிரைவர் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

மடிப்புத் தலைவி கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கீழே உருளையிலிருந்து மெல்லிய புகை கிளம்புவதை அவள்தான் முதலில் பார்த்தாள். ஒரு விரிப்பு சிக்கிக்கொண்டு ஒரே இடத்தில் வெந்துகொண்டிருந்தது. இயந்திரக்காரர் அதை நிறுத்த மாடியைப் பார்த்துச் சைகையில் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கையைத் தூக்கினாள். காது புன்னகைத்தார். அவள் புகையைச் சுட்டிக் காட்டினாள். காது அவள் விரலை மிகுந்த பரிவோடு பார்த்தார்.

"ஐயோ, உருளை தீப்பிடிக்குது! நிறுத்துங்கய்யா!" என்று கத்தியபடி அவள் படியில் தாவி ஓடினாள். டிரைவர் அவளுக்குப் பின்னால் ஓடினார். இருவருமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். விரிப்பு மொத்தமும் கருகிப்போயிருந்தது.

சாயங்காலம் காது அவளை அழைத்தார். "தீ அணைஞ்சது சந்தோஷம்தான்" என்றார். "ஆனா தலையணை இல்லாம பேசிட்டீங்க. அந்த அமைதி எங்களை எங்கேயோ கூட்டிட்டுப் போய்க்கிட்டிருந்துச்சும்மா."

கீழே வந்ததும் கஞ்சி அக்கா அவள் காதோரம் சொன்னாள்: "நான்தான்டி எடுத்துத் துவைக்கப் போட்டேன். எத்தனை பேர் மடியில உட்கார்ந்துச்சோ, பார்க்கவே குமட்டுச்சு. யாருகிட்டயும் சொல்லிடாதே."

தலையணை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். பயிற்சியாளர் அம்மாளின் தலைமையில் ஒரு குழு போய், படுக்கை படுக்கையாகத் தேடி, எலும்பு முறிந்து கிடந்த ஒருவரின் தலைக்கடியிலிருந்து ஒரு தலையணையை உருவிக்கொண்டு வந்தது. அதுதான் இது என்று எப்படித் தெரியும் என்று யாரும் விசாரிக்கவில்லை. "எடுத்துட்டுப் போய்த் தொலைங்க, என்னைத் தூங்க விட்டாப் போதும்" என்று அந்த மனிதர் சொன்னாராம். குழு அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, நன்றி தெரிவித்துவிட்டு வந்தது.

அந்தத் தலையணை ஒருவழியாக மடிப்புத் தலைவியின் மடிக்கு வந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் தன் கதையைச் சொன்னாள். முடித்ததும் மொத்த வட்டமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே குரலில் சொன்னது: "நீங்க பகல், அவர் ராத்திரி. பகல் இடத்துல அவரைப் போடணும். நாங்க சரியா கேட்டோமா?"

"ஆமா" என்றாள்.

"நன்றி" என்றது வட்டம். தலையணை அடுத்த மடிக்குப் போனது.

*

மாதக் கடைசியில் பகல் கொதிகலன்காரர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்தில் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து நிறுவனத்தின் தலைவர் அம்மாள் வருகிறார் என்ற செய்தி வந்தது. காதுக்கு அதற்குள் கழுத்துவலி முற்றி, பட்டை கட்டியிருந்தார்கள். பட்டையையும் மருத்துவரிடம் சொல்லிச் சாய்வாகவே செய்து வாங்கியிருந்தார். மற்ற மேலாளர்கள் அதைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே மேடை போட்டார்கள். காது பேசினார்.

"அம்மா, நான் இங்க வந்தப்போ நிலைமை பரிதாபமா இருந்துச்சு. ஒருத்தர் கோரிக்கையோட வந்தா, அன்னைக்கே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிடுவாங்க. அதோட உறவு முறிஞ்சுபோச்சு! அந்த மனுஷன் திரும்ப வர்றதுக்குக் காரணமே இருக்காது. இன்னைக்கு அப்படி இல்லை. ஒரே விஷயத்துக்காக ஒருத்தங்க எத்தனையோ தடவை என்னைத் தேடி வர்றாங்க. எவ்வளவு பாசம் பாருங்க! முடிவுங்கிறது என்ன? பேச்சை நிறுத்துற ஒரு ஆயுதம். நான் வந்ததுக்கப்புறம் இந்த ஆலையில அந்த ஆயுதத்தை யாரும் கையில எடுக்கலைன்னு பெருமையோட சொல்லிக்கிறேன். ஒரு நாள் தீகூடப் பிடிச்சது. எல்லாரும் ஓடுனாங்க. நான் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையல. ஒரு தலைவன்னா பதறக் கூடாதும்மா. கேட்டுக்கிட்டே இருக்கணும்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

"இந்த ஆலையிலேயே அதிகமாகக் கேட்கப்பட்ட ஊழியருக்கு" என்று பயிற்சியாளர் அம்மாள் அறிவித்து, மடிப்புத் தலைவியை மேடைக்கு அழைத்தார். காது வடிவத்தில் செய்த ஒரு கோப்பையைத் தலைவர் அம்மாள் அவள் கையில் கொடுத்தார். "உங்க கோரிக்கைதான் என்னம்மா? என்கிட்ட சொல்லுங்க" என்றார்.

இதற்கு மேல் போவதற்கு ஆள் கிடையாது. அவள் கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தையைச் சொன்னாள். மாடிப்படியைச் சொன்னாள்.

தலைவர் அம்மாளின் தலை முதலில் வலப்பக்கம் சாய்ந்தது. பிறகு, அந்தப் பதவிக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டபடி, இடப்பக்கமும் சாய்ந்தது.

"நான் கேட்டேன்" என்றார்.

மேலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவர் அம்மாளின் கார் கிளம்பிப் போனது. கூட்டத்துக்குப் பின்னால் கஞ்சி அக்கா சத்தமாகச் சொன்னாள்: "அந்தக் கோப்பையில உப்பாவது போட்டு வெச்சுக்கடி."

*

மறுநாள் சாயங்காலம் காது அவளை அழைத்தார். அறை வாசலில் பெட்டியோடு ஒரு புது ஆள் நின்றிருந்தான். உள்ளே பயிற்சியாளர் அம்மாள் குறிப்பெடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி" என்றார் காது. "உங்க வேண்டுகோள் என் மனசுலேயே இருந்துச்சு. நீங்களும் உங்க கணவரும் ஒரே ஷிப்ட்ல இருக்கணும். அதுதானே? ராத்திரி ஆட்களுக்குச் செவிசாய்க்க அங்க ஒரு தலைவி தேவைப்படுது. நாளையிலிருந்து நீங்கதான் அந்தத் தலைவி. ரெண்டு பேரும் ஒண்ணா, ராத்திரி! இது முடிவு இல்லை, தப்பா நினைச்சுக்காதீங்க. தானா மலர்ந்தது."

அவளுக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இதுவரை மகள் தூங்குகிற அப்பாவைத் தாண்டிப் போனாள். இனி தூங்குகிற அம்மாவையும் சேர்த்துத் தாண்டிப் போவாள்.

"பகல் கொதிகலன்?"

"வெளியே நிக்கிறாரே, அவர். நல்ல பையன். நேர்முகத்துல அவர் பேசினதை ரொம்ப நேரம் கேட்டோம்."

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். தலையை வலப்பக்கம் சாய்த்தாள். கண்களைப் பாதி மூடினாள்.

"நான் ராத்திரிக்குப் போகணும்னு நீங்க ஆசைப்படுறீங்க. நான் சரியா கேட்டேனா சார்?"

காதின் முகம் மலர்ந்தது. பயிற்சியாளர் அம்மாள் எதையோ வேகமாகக் குறித்துக்கொண்டார்.

"ஆமாம்மா."

"நாளையிலிருந்து."

"ஆமா."

"பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி சார்." எழுந்தாள்.

"அப்போ நாளைக்கு ராத்திரி வர்றீங்க, இல்லையா?"

அவள் திரும்ப உட்கார்ந்தாள். "நான் வருவேனா மாட்டேனாங்கிறது உங்களுக்குள்ள ஒரு கவலையா இருக்கு."

"கவலை இல்லைம்மா. தெரிஞ்சுக்கணும். ஆள் போடணும்ல?"

"ஆள் போடணும்ங்கிறது உங்களைப் பாதிக்குது."

"பாதிக்கலை. நீங்க வர்றீங்களான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சொன்னாப் போதும்" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரத்தில் ஒற்றிக்கொண்டாள். "சொன்னாப் போதும்."

"ஏம்மா..." என்றார் காது. சிவப்புக் கட்டத்துச் சொல் வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. "ஏம்மா இப்படிப் பண்றீங்க? நான் ஒண்ணு கேட்டா அதுக்குப் பதில் சொல்லுங்க!"

"பதில் வேணும்னு..."

"வருவியா, மாட்டியா?" காது எழுந்து மேசையை ஓங்கி அடித்தார். பல வாரமாகச் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்ததில் கழுத்துப் பட்டை பிய்த்துக்கொண்டு பயிற்சியாளர் அம்மாளின் மடியில் போய் விழுந்தது. "மனுஷன் எத்தனை தடவை கேக்கறது? பைத்தியம் பிடிச்சிரும் போலிருக்கே! சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்தா காரியம் எப்படி நடக்கும்? எப்போ நடக்கும்?"

கீழே இயந்திரச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"மாட்டேன் சார்" என்றாள் அவள். "ராத்திரிக்கு வர மாட்டேன். அவரைப் பகலுக்கு மாத்துங்க."

"ராத்திரி கொதிகலனை எவன்யா பார்ப்பான்?"

வாசலில் நின்ற புது ஆள் தயங்கித் தயங்கித் தலையை உள்ளே நீட்டினான். "சார், நான் ராத்திரி வேலைதான் கேட்டு வந்தேன். பகல்ல தபால்ல படிக்கிறேன், ராத்திரிதான் தோதுன்னு நேர்முகத்துலயே சொன்னேனே. எல்லாரும் கேட்டீங்க. நீங்ககூட அதுக்கு நன்றி சொன்னீங்க."

"அப்போ நீ ராத்திரிக்குப் போய்யா! இவங்க ரெண்டு பேரும் பகல்ல கிடந்து தொலையட்டும்! இன்னையிலிருந்து! எல்லாரும் வெளியே போங்க! ஒருத்தரும் என் கண்ணு முன்னால நிக்கக் கூடாது!"

பயிற்சியாளர் அம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு முடிவை ரத்து செய்வதற்குச் சிவப்புக் கட்டத்திலிருந்து இரண்டு சொற்களாவது தேவைப்படும் என்று அவர் குறிப்பேட்டில் எழுதினார். அவற்றைப் பயன்படுத்தத் தயாரான ஆள் நிறுவனத்தில் அப்போது யாரும் இல்லை. கொஞ்ச நாளில் காதைத் தலைமை அலுவலகத்துக்கே அழைத்துக்கொண்டார்கள். அங்கே அவர் கோபத்தைப் பகிர்ந்துகொள்ளும் தலைமை பற்றி வகுப்பு எடுப்பதாகக் கேள்வி.

அன்று அவள் படியிறங்கி வரும்போது, கொதிகலன்காரர் சாப்பாட்டு டப்பாவோடு இரவு வேலைக்கு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

"மேலே என்ன சத்தம்?" என்றார். "என்ன சொன்னாரு?"

"திட்டினாரு."

"உன்னையா?"

"நம்ம ரெண்டு பேரையும். மேசையை அடிச்சுத் திட்டினாரு."

அவர் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்ல, நம்ப முடியாதவர் போல: "நிஜமாவா? அப்போ கிடைச்சிருச்சா?"

அவள் அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். "வீட்ல போய் பொண்ணோட சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். அப்புறம் சீக்கிரம் படுத்துடணும், காலையில வேலைக்குப் போகணும். ராத்திரியில தூங்குறது எப்படின்னு ஞாபகம் இருக்கா?"

"சொல்லிக் குடு" என்றார் அவர்.

"நடு ரோட்டுல பேசுற பேச்சா இது? பஸ் வருது, நடங்க" என்றாள்.